குவாங்சோவில் சைவ மாமாவுக்கு எந்த இனிப்பை நம்பி வாங்கித் தரலாம்?

விளக்குத்தூண் பாத்திரக்கடை:
வணக்கம். அக்டோபரில் நானும் மாமாவும் சீனாவின் குவாங்சோவில் கட்டம் கட்டமாக நடக்கும் கேண்டன் ஃபேர் வணிகக் கண்காட்சிக்குப் போகிறோம். பாத்திரமும் வீட்டுச் சாமானும் இரண்டாம் கட்டத்தில்தான் என்பதால் 23-ஆம் தேதியை ஒட்டி இறங்குகிறோம். சரக்கை மாமா பார்த்துக்கொள்வார், மாமாவை யார் பார்ப்பது என்பதுதான் கவலை. சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. ஆனால் லாலா கடை வாசலில் கால் கிலோ அல்வா கட்டாமல் நகரமாட்டார். “அந்த ஊர் இனிப்பை ஒரு கை பார்த்துடணும் மாப்ளே” என்கிறார். படத்தில் ஒன்று கறுப்பாக ஆடுகிறது, ஒன்று வெள்ளையாக வழுக்குகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று யாராவது சொன்னால் புண்ணியமாகப் போகும்.

மேலமாசி ராஜா:
ரெண்டு கிலோ மைசூர்பாகு கட்டிக்கொண்டு போங்க பாஸ். பிரச்சினை முடிந்தது.

திருமங்கலத்தான்:
மைசூர்பாகு நம்மூரிலேயே இருக்கட்டும் அண்ணே. கொள்முதல் வேலையாக அந்த ஊருக்குப் போய்வருகிறவன் நான். ஒருமுறை எங்கள் பெரியப்பாவும் வந்தார், அவரும் உங்கள் மாமா ரகம்தான்.

குவாங்சோவில் இனிப்புக் கடைகள் ராத்திரிதான் களைகட்டும். பெரும்பாலும் கிண்ணத்தில் ஊற்றித் தரும் கஞ்சி, ‘தோங் சுய்’ என்பார்கள். பயறு, எள், தாமரை விதை, வெள்ளைக் காளான் என்று எதையாவது வேகவைத்துக் கற்கண்டு போட்டு இறக்குவது. சைவக்காரர் அங்கேயே ராத்திரிச் சாப்பாட்டை முடித்துக்கொள்வது நல்லது என்பது என் கட்சி. சாப்பாட்டுக் கடையில் வெறும் கீரை கேட்டாலே சிப்பிச் சாற்றை மேலே ஊற்றிவிடுகிறார்கள்.

முதலில் எள்ளுக் கஞ்சி. கறுப்பு எள்ளை வறுத்து அரிசியோடு அரைத்துக் காய்ச்சுவது. பார்க்கத் தார் போல இருக்கும், பயப்படவேண்டாம். சிவப்புப் பயறுக் கஞ்சியில் காய்ந்த ஆரஞ்சுத் தோல் போடுவார்கள். சின்ஹுய் ஊர்த் தோலுக்குத்தான் மவுசு, பழசாக ஆக விலை ஏறும். பெரியப்பா “கஷாயம்டா இது” என்று தள்ளிவிட்டார். எனக்கு அந்த நெடி இல்லாவிட்டால் அது வெறும் பயறு. பாசிப்பயறுக் கஞ்சியில் பச்சையாக ஏதாவது கிடந்தால் மீன் என்று அலறாதீர்கள், கடல்பாசிதான். பீச் மரப் பிசின் போட்ட கிண்ணமும் உண்டு. ஜிகர்தண்டாவில் பாதாம் பிசின் சாப்பிட்டவருக்கு அது புதுசாகவே தெரியாது.

எல்லாவற்றுக்கும் மேல் இஞ்சிப்பால். ஃபேர் நடக்கும் இடத்துக்குத் தெற்கே, பன்யூ பக்கம் சாவான் என்ற ஊரின் சரக்கு. எருமைப்பாலைச் சூடாக இஞ்சிச் சாற்றில் ஊற்றுவார்கள், சில நிமிடத்தில் உறைந்துவிடும். முட்டை இல்லை, மிருகத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டினும் இல்லை. கடைக்காரம்மா ஒரு பீங்கான் கரண்டியை எடுத்து அதன் மேல் வைத்துக் காட்டினார். கரண்டி முங்கவில்லை! பெரியப்பா வாயே திறக்காமல் ரெண்டு கிண்ணம் முடித்தார்.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. தாங்யுவான் என்று கொழுக்கட்டை போல உருண்டை வரும். அந்த எள்ளுப் பூரணத்தில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதுதான் வழக்கம். மூன்கேக் என்ற பூரணம் வைத்த பலகாரத்திலும் அதே கதை, நடுவில் வாத்து முட்டைக் கருவும் இருக்கலாம். இஞ்சிப்பால் விற்கும் கடையிலேயே இரட்டை ஆடைப் பால் என்று ஒன்று இருக்கும், அதில் முட்டை வெள்ளைக்கரு. கறுப்பு ஜெல்லி ரெண்டு வகை. ஒன்று வெறும் மூலிகை. இன்னொன்று குய்லிங்காவ், பழைய முறைப்படி ஆமை ஓட்டுப் பொடி போட்டது. கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது, கேட்டே வாங்குங்கள். பப்பாளிக்குள் வெள்ளையாகப் பொங்கி நிற்பது காளானாகவும் இருக்கலாம், ஹாஷிமாவாகவும் இருக்கலாம். ஹாஷிமா தவளையிலிருந்து எடுப்பது. மாமாவிடம் இதைச் சொல்லவே வேண்டாம்.

“முட்டை, கறி, மீன், பன்றிக்கொழுப்பு, ஆமை வேண்டாம்” என்று சீனத்தில் எழுதி போனில் படமாக வைத்துக்கொள்ளுங்கள். காசு கொடுக்க, அலிபே என்ற போன் ஆப்பில் கார்டை இங்கேயே இணைத்துவிடுங்கள்.

செங்காங் ஜெயா:
தம்பி சொன்னதோடு ஒன்று. மாம்பழப் புட்டிங்கில் பெரும்பாலும் ஜெலட்டின்தான். அதற்குப் பதில் மாம்பழம், பம்பளிமாசு, ஜவ்வரிசி சேர்ந்த கிண்ணம் கேளுங்கள். சிங்கப்பூர் வழியாக வந்தால் இங்கேயே ஒரு தௌஹுவே சாப்பிட்டுப் போங்கள். சோயாப்பாலை உறையவைத்துச் சீனிப்பாகு ஊற்றித் தருவது. வடசீனாவில் இதே பண்டத்துக்கு உப்புக் குழம்பு ஊற்றுவார்கள், அதில் கறி இருக்கும். மாமாவை அந்தப் பக்கம் விட்டுவிடாதீர்கள்.

விளக்குத்தூண் பாத்திரக்கடை:
ரொம்ப நன்றி அண்ணே, அக்கா. தவளை விஷயத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வாசித்துக் காட்டினேன். இஞ்சிப்பாலை இங்கேயே போட்டுப் பார்க்கலாமா? மாமா இப்போதே பால் வாங்கக் கிளம்பிவிட்டார்.

திருமங்கலத்தான்:
தாராளமாக. எருமைப்பால் கிடைத்தால் உத்தமம், இல்லையென்றால் கொழுப்பு எடுக்காத பால். முற்றின இஞ்சியைத் துருவிப் பிழிந்து, கிண்ணத்துக்கு ஒரு டேபிள்ஸ்பூன் சாறு. பாலைச் சீனி போட்டுக் காய்ச்சி, 70 டிகிரிக்கு ஆறவிடுங்கள். சாறு அடியில் மாவாகப் படியும், அதை ஒரு கலக்குக் கலக்கிவிட்டுப் பாலைக் கொஞ்சம் உயரத்திலிருந்து ஒரே வீச்சில் ஊற்றுங்கள். அதோடு கையைக் கட்டிக்கொள்ள வேண்டும், ஆட்டக்கூடாது. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் இஞ்சியில் உறையவைக்கும் நொதி செத்துவிடும், உறையாமல் இஞ்சி கலந்த வெறும் பால்தான் மிஞ்சும். கடையில் விற்கும் இஞ்சி விழுதும் ஆகாது.