சில்வராடோவுக்குப் புது சைலன்சர்: வெளியே உறுமல் அருமை, உள்ளே தலைவலி. உதவி தேவை

ஹூஸ்டன் வண்டிக்காரன்:
அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2016 செவர்லே சில்வராடோ 1500 பிக்கப், 5.3 லிட்டர் வி8, ஆறு கியர் ஆட்டோமேட்டிக். வண்டியோடு வந்த சைலன்சரில், இது எட்டு சிலிண்டர் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள், அவ்வளவு அடக்கம். எனவே ஒரு கடையில் அதை வெட்டி எடுத்துவிட்டு, உள்ளே தடுப்புத் தகடுகள் கொண்ட குட்டையான சைலன்சர் ஒன்றைப் பொருத்தினேன்.

கிளப்பும்போது கேட்க வேண்டுமே! பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிறார். ஆனால் ஐ-10 நெடுஞ்சாலையில் 70 மைல் வேகத்தைத் தொட்டதும் கேபின் முழுக்க ‘ம்ம்ம்’ என்று ஒரு முழக்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் சட்டென்று மறைகிறது. காலைத் தளர்த்தினால் திரும்பி வருகிறது. பின்னிருக்கையில் மகள் காதைப் பொத்திக்கொள்கிறாள். கடைக்காரரோ ‘ஓட ஓடச் சரியாகிவிடும்’ என்கிறார்.

குழாயைப் பெரிதாக்கினால் தீருமா? இரட்டைக் குழாய் வேண்டுமா? இன்னொன்று: காலையில் கிளப்பியதும் சில நிமிடங்கள் ‘டிக் டிக்’ என்ற சத்தமும் கேட்கிறது.

பட்டறைக்காரர்:
பணத்தை எடுக்குமுன் இவற்றைப் பார்த்துச் சொல்லுங்கள். முழக்கம் வரும்போது ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) எவ்வளவு? எரிபொருள் சிக்கனம் காட்டும் திரையில் அப்போது வி4 என்று இருக்கிறதா, வி8 என்றா? வால்குழாய் எங்கே முடிகிறது? பழைய குழாயில் ஸ்பிரிங் வைத்த ஒரு மடல் இருந்திருக்கும். அது இன்னும் இருக்கிறதா?

ஹூஸ்டன் வண்டிக்காரன்:
ஆர்பிஎம் 1,700 அளவில். இன்று கவனித்தேன், திரையில் வி4. அழுத்தியதும் வி8 ஆகிறது, முழக்கமும் போய்விடுகிறது! வால்குழாய் பின்சக்கரத்துக்கு முன்பே, தரையைப் பார்த்தபடி முடிகிறது. மடல் போய்விட்டது, சைலன்சரோடு அதையும் வெட்டிவிட்டார்கள்.

டல்லாஸ் தம்பி:
அண்ணா, எதற்கு இவ்வளவு யோசனை? சைலன்சரையே எடுத்துவிட்டு நேர்க்குழாய் போடுங்கள். டெக்சஸில் 2025 ஜனவரியோடு ஆண்டுப் பாதுகாப்புச் சோதனையே போய்விட்டதே.

பட்டறைக்காரர்:
தம்பி, சோதனைதான் போனது, சட்டம் போகவில்லை. சைலன்சர் நல்ல நிலையில் இருக்க வேண்டும், புகையைச் சைலன்சருக்குள் போகவிடாமல் வெளியே திருப்பும் கட்-அவுட்டும் பைபாஸும் கூடாது என்ற டெக்சஸ் விதி அப்படியே இருக்கிறது. ஹாரிஸ், டல்லாஸ் போன்ற மாவட்டங்களில் புகைச் சோதனையும் தொடர்கிறது. புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரில் கை வைத்தால் அது கூட்டாட்சிச் சட்ட மீறல். அதற்குப் பின்னால் உள்ள பகுதியில்தான் நம் விளையாட்டு எல்லாம்.

வண்டிக்காரருக்கு வருகிறேன். இந்த எஞ்சினில் சுமை குறைந்தால் நான்கு சிலிண்டர்கள் உறங்கிவிடும். 1,700 ஆர்பிஎம்மில் எட்டும் எரிந்தால் நொடிக்கு ஏறத்தாழ 113 வெடிப்புகள். நான்கு மட்டும் எரிந்தால் 57. அந்த 57 ஹெர்ட்ஸ் ஒலி காதுக்குக் கேட்பதைவிட நெஞ்சுக்கும் கண்ணாடிக்கும்தான் அதிகம் தெரியும். கேபினின் காற்றும் கூரைத் தகடும் அதோடு சேர்ந்து அதிரும். நிறுவனத்தின் பெரிய சைலன்சரும் அந்த மடலும் இருந்ததே இதை அடக்கத்தான். குட்டைச் சைலன்சருக்கு அந்தத் தாழ்ந்த ஒலியை விழுங்க வயிறு போதாது. போதாக்குறைக்குக் குழாய் உங்கள் காலடியிலேயே தரையில் ஊதுகிறது. அந்த ஒலி தரையில் மோதிக் கேபினின் அடித்தளத்துக்குத் திரும்புகிறது.

செலவில்லாத சோதனை ஒன்று: கியரை எம் நிலைக்கு (கையால் கியர் மாற்றும் நிலை) தள்ளி ஆறாவது கியரை வைத்து ஓட்டுங்கள். எட்டு சிலிண்டரும் விழித்திருக்க வேண்டும். முழக்கம் குறைந்தால் நோய் இன்னதென்று உறுதி.

டெட்ராய்ட் பெரியவர்:
குழாயைப் பெரிதாக்குவதால் முழக்கம் தீராது, ஒருவேளை கூடும். இரட்டைக் குழாய் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் வண்டியில் இரு பக்கச் சிலிண்டர்களின் புகையும் சைலன்சருக்கு முன்பே ஒரு குழாயில் சேர்கிறது. அதற்குப் பிறகு இரண்டாகப் பிரித்து வெளியே விடுவது பார்வைக்குத்தான். பழைய அமெரிக்க வி8களில் வரும் ‘கடகட’ உறுமலுக்குக் காரணம், ஒவ்வொரு பக்கத்திலும் வெடிப்புகள் சம இடைவெளியில் வராததே. இரு பக்கமும் ஒன்றாகக் கலந்தால் அந்தக் குலுக்கல் சமனாகிவிடும். அது வேண்டுமென்றால் இரு குழாய்களையும் கடைசிவரை தனித்தனியே கொண்டுபோய், நடுவில் ‘எச்’ வடிவ இணைப்பு வைக்க வேண்டும். ‘எக்ஸ்’ வடிவம் வைத்தால் கலப்பு அதிகம். ஒலி மெல்லியதாக, சற்று உயர்ந்த சுருதியில் வரும். எனக்கு எச்தான் பிடிக்கும். பந்தயக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

உலோகம்: எங்கள் ஊரில் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பு கொட்டுவார்கள், 304 ஸ்டெயின்லெஸ் தவிர வேறு வாங்க மாட்டேன். ஹூஸ்டனில் உப்பு ஏது? அதைவிடச் சாதாரணமான 409 ஸ்டெயின்லெஸ் போதும். மேலே துரு நிறம் படியும், அவ்வளவே.

ஹூஸ்டன் வண்டிக்காரன்:
ஐயா இருவருக்கும் நன்றி. எம் நிலையில் ஓட்டினேன். முழக்கம் முழுதாகப் போகவில்லை, ஆனால் பேச முடிகிறது. மகள் காதிலிருந்து கையை எடுத்துவிட்டாள்! ‘ஜே’ குழாய் என்று ஒன்றைச் சிலர் வெல்டிங் செய்கிறார்களே, அது உதவுமா?

பட்டறைக்காரர்:
உதவும், எந்த ஒலிக்கு என்பதுதான் கேள்வி. ஜே குழாய் என்பது முனை அடைத்த ஒரு கிளைக்குழாய். ஒலி அதன் கோடிவரை போய்த் திரும்பும்போது எதிர் அலையாக வந்து மூல ஒலியை அழிக்கும். நீளம் அலைநீளத்தில் கால் பங்கு இருக்க வேண்டும். சூடான புகையில் ஒலி நொடிக்கு 450 மீட்டர் போகும் என்று வைத்தால், 113 ஹெர்ட்ஸுக்கு ஒரு மீட்டர் போதும். 57-க்கு இரண்டு மீட்டர் வேண்டும். வண்டியின் அடிச்சட்டகத்துக்கும் பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்டுக்கும் நடுவில் அதை எங்கே மடிப்பீர்கள்?

அதனால் என் வரிசை இது. முதலில் வால்குழாயைப் பின் அச்சுக்கு மேலே வளைத்து, பம்பரைத் தாண்டி வெளியே விடுங்கள். வளைவில் குழாய் நசுங்காதபடி மாண்ட்ரல் முறையில் வளைக்கும் கடையாகப் பாருங்கள். பிறகு குட்டைச் சைலன்சருக்குப் பதில் நீளமான, கனமான உடல் கொண்ட நேர்வழிச் சைலன்சர். போர்லா, மேக்னாஃப்ளோ என்ற இரு நிறுவனங்களிலும் உண்டு. உள்ளே துளையிட்ட குழாய், சுற்றிலும் இழைப் பஞ்சு. பஞ்சு கீச்சொலியைக் குடிக்கும், உறுமலை விட்டுவைக்கும். தாழ்ந்த ஒலிக்கு உடலின் கொள்ளளவுதான் பேசும்; எனவே இடம் கொள்ளும் அளவுக்குப் பெரியது வாங்குங்கள்.

சிலிண்டர்களை உறங்கவிடாமல் செய்யும் சிறு கருவியும் கிடைக்கிறது. டாஷ்போர்டுக்குக் கீழே உள்ள ஓபிடி துளையில் (பழுதறியும் கருவியைச் செருகும் இடம்) செருகினால் போதும். மைலேஜ் சற்றுக் குறையும். புகைச் சோதனையன்று மறக்காமல் உருவிவிடுங்கள்.

‘டிக் டிக்’: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது டார்ச் அடித்து மேனிஃபோல்டு (எஞ்சினிலிருந்து புகையை வாங்கும் முதல் குழாய்த் தொகுதி) ஓரத்தைப் பாருங்கள். கரிக்கோடு தெரிந்தால் கசிவு. பின்கோடி போல்ட்டின் தலை முறிந்திருப்பது இந்த எஞ்சின்களில் அடிக்கடி காண்பது. சூடானதும் உலோகம் விரிந்து இடைவெளி மூடும், சத்தம் நிற்கும்.

ஹூஸ்டன் வண்டிக்காரன்:
பார்த்தேன். ஓட்டுநர் பக்கம், கேபினை ஒட்டிய கடைசி போல்ட் இருந்த இடத்தில் தலை இல்லை. பக்கத்தில் விரல் அகலத்துக்குக் கரி. முதலில் அதை எடுக்கிறேன். வால்குழாய்க்கு வேறொரு கடையில் நாள் கேட்டிருக்கிறேன்.

பட்டறைக்காரர்:
சரியான வரிசை. முறிந்த போல்ட்டை அவசரப்பட்டுத் துளையிட வேண்டாம். அது இறங்கியிருக்கும் சிலிண்டர் ஹெட் அலுமினியம், துளையின் மரை கெட்டால் செலவு பெருகும். மிச்சம் நீட்டிக்கொண்டிருந்தால் ஒரு நட்டை அதன்மேல் வெல்டிங் செய்து திருகி எடுக்கச் சொல்லுங்கள். புதுச் சைலன்சரை உடனே வெல்டிங் செய்யவும் விடாதீர்கள். கிளாம்ப்பில் மாட்டி, மகளையும் ஏற்றிக்கொண்டு 70-இல் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். கடைக்காரர் மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.