இழை: ‘செலக்டிவ் கம்ப்ரெஷன்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

மடல் 1: அறிவியல் ஆசிரியை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் பள்ளிக் கண்காட்சிக்காக எட்டாம் வகுப்பு மாணவர்கள் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்பாதையின் மாதிரியைச் செய்துவருகிறார்கள். மூணாற்றிலிருந்து மாட்டுப்பட்டி, பாலாறு வழியாக டாப் ஸ்டேஷனுக்குத் தேயிலை ஏற்றிச் சென்ற பாதை அது. 1902இல் மாடுகள் இழுத்த ஒற்றைத் தண்டவாளமாகத் தொடங்கி, 1908இல் சிறு நீராவி எஞ்சின்கள் ஓடும் இரண்டடி அகலப் பாதையாக மாறி, 1924 ஜூலை வெள்ளத்தில் அழிந்துபோனது. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலை கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்குப் போய் மீண்டும் ரயிலேறியது என்று விளக்கப் பலகையில் எழுதியிருக்கிறோம்.

நாங்கள் எடுத்துக்கொண்ட அளவு 1:76. இந்த அளவில் ஒரு கிலோமீட்டர் பாதைக்கே 13 மீட்டர் மேசை வேண்டும். எங்களிடம் இருப்பதோ எட்டடிப் பலகை ஒன்று; அதில் நேராக இடக்கூடியது நிஜப் பாதையில் ஏறத்தாழ 185 மீட்டர்தான். ஒரு மைலை ஓர் அங்குலமாகக் காட்டும் பழைய நிலப்படத்தில் அந்தத் தொலைவை அளந்துகாட்டினேன், மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை. ஆகவே மூணாறு நிலையம், ஒரு பாலம், ஒரு தேயிலைச் சரிவு, டாப் ஸ்டேஷன் ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு நடுவிலுள்ளதை விட்டுவிட்டோம். மாதிரி ரயில் செய்வோர் இதனை ‘செலக்டிவ் கம்ப்ரெஷன்’ என்கிறார்கள். வெள்ளிக்கிழமை பலகை அச்சுக்குப் போகிறது. மாணவர் வாய்விட்டுச் சொல்லவும், பார்க்க வரும் பெற்றோருக்குப் புரியவும் ஒரு சொல் தாருங்கள்.

மடல் 2: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அம்மா, வணக்கம். புதிதாக ஒன்றும் ஆக்க வேண்டியதில்லை. சொல் நம் வீட்டுப் பரணிலேயே கிடக்கிறது. இடமில்லாத இடத்தில் பொருள் கெடாமல் ஒன்றை அடக்குவது எப்படி என்று நம் புலவர்கள் யோசிக்காத நாளில்லை, ஏனெனில் சீரும் தளையும் அவர்களுக்கு வாய்த்த எட்டடிப் பலகை. வலித்தல், மெலித்தல், நீட்டல், குறுக்கல், விரித்தல், தொகுத்தல் எனச் செய்யுளில் சொல் அடையும் ஆறு விகாரங்களை, அதாவது மாற்றங்களை, நன்னூல் சொல்கிறது. அவற்றோடு நில்லாமல், ஒரு சொல் முதலிலோ இடையிலோ கடையிலோ குறைந்துவரலாம் என்றும் இடம் தருகிறது. தாமரை ‘மரை’ ஆவது முதற்குறை. ஓந்தி ‘ஓதி’ ஆவது இடைக்குறை. நீலம் ‘நீல்’ ஆவது கடைக்குறை. தங்கள் மாணவர்கள் மூணாற்றையும் டாப் ஸ்டேஷனையும் வைத்துக்கொண்டு நடுவழியை விட்டிருக்கிறார்கள். இது இடைக்குறை அன்றி வேறென்ன?

‘தொகுத்தல்’ என்றும் சொல்லலாமே என்று சிலர் கேட்கக்கூடும். ‘சிறிய இலை’ என்பது ‘சிறியிலை’ என நின்றதைத்தான் உரையாசிரியர்கள் அதற்குக் காட்டுவர். ஆனால் இன்று தொகுத்தல் என்றால் கட்டுரைகளைச் சேர்த்துப் புத்தகம் போடுவது என்று ஆகிவிட்டது. இடைக்குறைக்கு அந்தக் குழப்பம் இல்லை. அப்படியே ‘டாப் ஸ்டேஷன்’ என்பதையும் ‘மேல்நிலையம்’ என மாற்றிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மடல் 3: மாதிரி ரயில் அமைப்பவர்

ஐயாவின் இலக்கணத்துக்கு எதிரே நிற்க எனக்குத் தகுதியில்லை. ஆனால் ‘டாப் ஸ்டேஷன்’ ஊர்ப்பெயர். அதை மாற்றினால் பேருந்தில் சீட்டுக் கேட்கக்கூட முடியாது.

சொல்லுக்கு வருமுன் ஒரு திருத்தம். மதுரை–போடி ரயில்பாதை திறக்கப்பட்டதே 1928இல்தான். குண்டளை ரயில் அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே வெள்ளத்தில் போய்விட்டது. இரண்டும் ஒரே காலத்தில் ஓடவில்லை என்பதால், போடியில் மீண்டும் ரயிலேறியது என்ற வரியை எடுத்துவிடுங்கள். மறைந்துபோன பாதைகளை ஆராயும்போது வழக்கமாக நேரும் பிழை இது. பின்னால் வந்த நிலப்படத்தைப் பார்த்து முன்னால் நடந்ததை எழுதிவிடுகிறோம். மேலும், இரண்டடி அகலம் 1:76 அளவில் 8 மி.மீ. ஆகும். கடையில் கிடைக்கும் தண்டவாளம் 9 மி.மீ. அந்த ஒரு மில்லிமீட்டரையும் பலகையில் ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது.

இப்போது சொல். இந்த உத்தியில் இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, பாதையின் நடுப்பகுதிகளை விடுவது. ‘இடைக்குறை’ இதற்குப் பொருந்தும். மற்றொன்று கட்டடங்களில் நடப்பது. ஒன்பது சாளரங்கள் கொண்ட கிடங்கு மேசையில் அடங்காவிட்டால் ஐந்து சாளரங்களோடு செய்வோம். சாளரத்தின் அளவில் கைவைக்க மாட்டோம், எண்ணிக்கையைத்தான் குறைப்போம். கதவு ஆள் நுழையும் கதவாகவே இருக்கும். ஆகையால் கண்ணுக்கு அது அதே கிடங்கு, அளவுகோலுக்கு மட்டும்தான் குட்டை. இதில் இடை எது, கடை எது? ஆகவே ‘தேர்ந்து சுருக்கல்’ என்பதே என் பரிந்துரை.

மடல் 4: யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் அன்பர்

எங்களுடைய பாடநூல்களில் ‘அமுக்கம்’ நெடுங்காலமாகப் புழங்குகிறது. ‘தெரிவமுக்கம்’ என்று ஒரே சொல்லாக வைத்துக்கொள்ளலாம். ‘சுருக்கல்’ என்றால் 1:76 என்று எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் சிறிதாக்குவதோடு குழம்பும் அல்லவா? அது வேறு, இது வேறு என்று பிரிப்பதற்குத்தானே சொல் தேடுகிறோம்?

மடல் 5: அறிவியல் ஆசிரியை

போடி வரியை நீக்கிவிட்டேன், மிக்க நன்றி. 9 மி.மீ. பற்றியும் ஒரு வரி சேர்த்தாயிற்று. யாழ்ப்பாணத்து அன்பரின் ஐயம் நியாயமானது, ஆனால் ‘தெரிவமுக்கம்’ என்பதை வகுப்பில் வாசித்தபோது, மேசையை யார் அமுக்கினார்கள் என்று பின்வரிசையில் ஒருவன் கேட்டுவிட்டான். இடைக்குறையைச் சொன்னபோது, எதில் குறை என்று தலைமையாசிரியர் கேட்டார். நாளை மறுநாள் வெள்ளி.

மடல் 6: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

குறை என்றதும் குற்றம் நினைவுக்கு வருவது இலக்கணம் மறந்ததன் விளைவு; அதற்குச் சொல்லைப் பழிக்கலாகாது. ஆயினும் பெரும்பான்மையோடு ஓரடி நடக்கிறேன். சுருக்கல்தான் வேண்டுமென்றால் ‘தேர்ந்து’ வேண்டாம், ‘தெரிந்து’ என்று வையுங்கள். ‘தெரிந்து தெளிதல்’, ‘தெரிந்து வினையாடல்’ என்று குறள் அதிகாரத் தலைப்புகளில் நிற்கும் ‘தெரிந்து’ ஆராய்ந்து தேர்தலையே குறிக்கும். இன்று படிப்பவருக்கோ அது ‘அறிந்தே’ என்றும் ஒலிக்கும். அறியாமல் விடுபட்டதற்கும் அறிந்தே விட்டதற்கும் உள்ள வேறுபாடுதானே தங்கள் மாணவர் பலகையில் சொல்ல விரும்புவது? இரு பொருளும் ஒருங்கே கிடைக்கும்போது விடுவானேன்? அந்த 9 மி.மீ. தண்டவாளத்தை நீட்டல் விகாரம் என்று கொள்க.

மடல் 7: மாதிரி ரயில் அமைப்பவர்

‘தெரிந்து’ என்பதைப் பெற்றோர் ‘தெரிந்தே செய்த தவறு’ என்று படிப்பார்கள். நான் ‘தேர்ந்து’ பக்கமே நிற்கிறேன். மற்றவர்கள் மறுக்கவில்லையென்றால் இத்துடன் முடித்துக்கொள்வோம்; நாமும் மூன்று நாள்களாக ஒரே வளைவில் சுற்றிவருகிறோம்.

மடல் 8: அறிவியல் ஆசிரியை

‘தேர்ந்து சுருக்கல்’ என்றே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். யாழ்ப்பாணத்து அன்பர் சொன்ன குழப்பம் வராதிருக்க, 1:76 என்பதை ‘அளவு விகிதம்’ என்று மட்டும் எழுதி, அந்த வரியில் ‘சுருக்கல்’ வராமல் பார்த்துக்கொண்டோம். டாப் ஸ்டேஷன் டாப் ஸ்டேஷனாகவே இருக்கிறது. அனைவருக்கும் நன்றி.

மடல் 9: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

மகிழ்ச்சி. மாணவர்களுக்கு என் வாழ்த்துகள். பலகையில் மூணாற்றுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையில் ஏதேனும் வெற்றிடம் இருந்தால், சிறிய எழுத்தில் ‘இடைக்குறை’ என்று பென்சிலால் எழுதிவைக்க இயலுமா?