ஹெடி லமார் 'வைஃபையைக் கண்டுபிடித்தார்' என்பதில் எவ்வளவு உண்மை?

குறுக்குக்கம்பி கேட்கிறார்:

நடிகை ஹெடி லமார் வைஃபையைக் கண்டுபிடித்தார், குவீன் குழுவின் பிரையன் மே விண்ணியற்பியல் முனைவர், மைக்கேல் ஜாக்சன் பெயரில் ஒரு காப்புரிமை இருக்கிறது. எங்கே தேடினாலும் இதே ஒருவரிப் பட்டியல்தான் கிடைக்கிறது. இவர்கள் செய்தது உண்மையில் என்ன? அந்தக் கருவி எப்படி வேலை செய்தது, எங்கே சொதப்பும், எது ஊதிப் பெருக்கியது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

அலைவாங்கி:

லமாரில் ஆரம்பிப்போம். காப்புரிமை எண் அமெரிக்கா 2,292,387. விண்ணப்பித்தது 1941 ஜூன் 10, கிடைத்தது 1942 ஆகஸ்ட் 11. அதில் 'லமார்' என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. மணவழிப் பெயரில், ஹெடி கீஸ்லர் மார்க்கி என்று பதிந்திருக்கிறார். கூட்டாளி இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தைல்.

அவர்கள் எடுத்துக்கொண்ட சிக்கல் இது: கப்பலைத் தாக்க நீருக்கடியில் பாயும் டார்பிடோவை ரேடியோவில் திருப்பினால், எதிரி அந்த ஒரு அதிர்வெண்ணைக் கண்டுபிடித்து இரைச்சலைக் கொட்டிவிடுவான். ஆகவே அதிர்வெண்ணை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அனுப்பும் பக்கமும் வாங்கும் பக்கமும் ஒரே நேரத்தில் மாற வேண்டும். இதற்கு அவர்கள் பிடித்தது தானியங்கிப் பியானோவின் துளைக் காகிதச் சுருள். ஒரே மாதிரி துளையிட்ட இரண்டு சுருள்கள், ஒன்று கப்பலில், மற்றது டார்பிடோவுக்குள். துளை வரும் இடத்தில் காற்றுவிசை சுவிட்சை இயக்கும், சுவிட்ச் வேறொரு மின்தேக்கியை இணைக்கும், அதிர்வெண் மாறும். பியானோ சுருளில் 88 வரிசை இருப்பதால் 88 அதிர்வெண் வரை போகலாம் என்று எழுதியிருக்கிறார்கள். வரைபடத்தில் காட்டியிருப்பது அனுப்பியில் ஏழு, வாங்கியில் நான்கு மட்டும். மீதி மூன்றும் எதிரியை ஏமாற்ற அனுப்பும் போலிச் சமிக்ஞைகளுக்கு. இந்த அழகான பகுதியைத்தான் யாரும் எழுதுவதில்லை.

சொதப்பும் இடம் ஒத்திசைவு. இரண்டு சுருளும் ஏவும் கணத்தில் ஒன்றாகக் கிளம்ப வேண்டும். அதற்குப் பிறகும் வேகம் பிசகக் கூடாது. 5 நிமிட ஓட்டத்தில் வேகம் 1 சதவீதம் தவறினால் 3 நொடி விலகல். 0.1 சதவீதம் என்றால்கூட 0.3 நொடி. ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் ஒரு நொடி நிற்கும் சுருள் என்று வைத்துக்கொண்டால், இரண்டாவது கணக்கு தாங்கும், முதல் கணக்கில் டார்பிடோ செவிடு. அமெரிக்கக் கடற்படை போரின்போது இதைப் பயன்படுத்தவில்லை.

---

ரவைமூட்டை:

ப்ளூடூத், வைஃபை, ஜிபிஎஸ் மூன்றுமே இதிலிருந்து வந்தவைதானே?

---

அலைவாங்கி:

இல்லைங்க, மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டியதுதான் கோளாறு.

ப்ளூடூத் உறவு சொல்லலாம். அதன் மூல வடிவத்தில் 2402 முதல் 2480 மெகாஹெர்ட்ஸ் வரை 79 தடங்கள், நொடிக்கு 1600 தாவல், ஒரு தடத்தில் 625 மைக்ரோநொடி. காகிதச் சுருளுக்குப் பதில், தலைமைக் கருவியின் முகவரியையும் கடிகாரத்தையும் வைத்து இரு பக்கமும் அடுத்த தடத்தைக் கணக்கிட்டுக்கொள்கின்றன. கடிகாரம் விலகாதா என்றால் விலகும். வரும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தையும் வைத்துத் திருத்திக்கொள்கிறது. 1941 சுருளுக்கு அந்த வசதி கிடையாது.

வைஃபையின் 1997 முதல் தரநிலையில் தாவல் முறை ஒரு தெரிவாக இருந்தது, வேகம் நொடிக்கு 1 அல்லது 2 மெகாபிட். 1999-இல் வந்த வடிவங்கள் வேறு முறைகளுக்குப் போய்விட்டன. ஜிபிஎஸ் தாவுவதே இல்லை. ஒரே அதிர்வெண்ணில் குறியீட்டை வைத்து அலையைப் பரப்புகிறது.

'முதன்முதலில்' என்பதும் நிற்காது. வில்லெம் ப்ரூர்ட்யஸ் என்பவருக்கு 1932-லேயே அதிர்வெண் மாற்றும் ரகசியத் தொடர்புக்குக் காப்புரிமை உண்டு, எண் 1,869,659. லமார், ஆந்தைல் இருவரின் பங்கு, டார்பிடோ என்ற குறிப்பிட்ட வேலைக்கு ஒத்திசைவை எப்படிச் செய்வது என்று முழு இயந்திரமாக வரைந்து காட்டியது. அதுவே போதுமான பெருமை.

---

தந்திக்கருவி:

பிரையன் மே பற்றி. பட்டம் கௌரவப் பட்டம் அல்ல. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் 1970-களின் தொடக்கத்தில் ஆய்வைத் தொடங்கி, இசைக்காக விட்டு, 2007-இல் முடித்தார். பொருள்: சூரியனைச் சுற்றியுள்ள தூசியின் ஆரத்திசைவேகம், அதாவது தூசி நம்மை நோக்கியோ விலகியோ போகும் வேகம். தூசி சிதறடிக்கும் சூரிய ஒளியில் மெக்னீசியத்தின் 5183.6 ஆங்ஸ்ட்ராம் (அலைநீள அலகு) இருள்கோடு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் முறை. தூசி நொடிக்கு 10 கிமீ வேகத்தில் போனால் நகர்வு சுமார் 0.17 ஆங்ஸ்ட்ராம்தான். ஒளியோ மிக மங்கல், வானம் முழுக்கப் பரவியது. அதனால்தான் டெனெரிஃப் தீவின் மலையில், ஃபேப்ரி-பெரோ நிறமாலைமானியோடு பார்த்தார்கள்.

எனக்கு இதைவிட அவருடைய கிதார்தான் பெரிய விஷயம். 1963-இல் அப்பாவோடு சேர்ந்து செய்ய ஆரம்பித்தது. கழுத்துக்குப் பழைய கணப்படுப்பின் மரம். சுருதியை ஏற்றி இறக்கும் நெம்புகோலான ட்ரெமோலோ கத்திமுனை மேல் ஆடுகிறது, தந்திகளின் இழுப்பை எதிர்த்து நிற்பவை மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங்குகள். ட்ரெமோலோவை ஆட்டிவிட்டுக் கைவிட்டால் சுருதி பழைய இடத்துக்குத் திரும்பாது என்பது எல்லாக் கிதாரிலும் உள்ள புகார். காரணம் ஸ்பிரிங் அல்ல, தந்தி நழுவும் இடங்களில் உராய்வு. அதற்காகப் பாலத்தில் உருளைகள், தலைப்பக்கம் தந்திகளுக்கு இடைவெளி வகுக்கும் நட்டுக்கு முன்னால், தந்திகள் அமரும் ஒரு சுழி ஃப்ரெட் (உலோகக் கட்டை). தந்தி அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பிக்கப் மூன்று, தொடராக இணைப்பு, ஒவ்வொன்றுக்கும் தனி இயக்க சுவிட்ச், அலையைத் தலைகீழாக்கும் தனி கட்ட சுவிட்ச். கட்டத்தைத் திருப்பினால் அடிச்சுரம் பெருமளவு ரத்தாகி மேற்சுரங்கள் மிஞ்சும், அந்த மூக்கொலி அங்கிருந்து வருகிறது. அந்த பிக்கப்களின் கம்பிச்சுருள் தளர்வானது, ஒலி கூடினால் தானே அதிர்ந்து ஊளையிடும். எபாக்ஸி ஊற்றி இறுக்கினால் அடங்கும், அவரும் அதைத்தான் செய்தார்.

இன்னொன்று. 'வீ வில் ராக் யூ' பாடலில் கால்தட்டும் ஒலியைப் பல தாமதங்களில் அடுக்கிக் கூட்டம் தட்டுவது போல ஆக்கியபோது, தாமதங்களைப் பகா எண் விகிதத்தில் வைத்ததாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். வீட்டு மென்பொருளில் சோதிக்கலாம்: 10, 20, 30, 40 மில்லிநொடி என்று வைத்தால் 100 ஹெர்ட்ஸில் ஒரு உலோக ரீங்காரம் ஏறும். 11, 23, 37, 53 என்று மாற்றினால் அது கலைந்துவிடும்.

---

நெம்புகோல்:

ஜாக்சன் காப்புரிமை 5,255,452, ஆண்டு 1993, உடன் இரண்டு பேர் பெயர்களும் உண்டு. மேடையில் உடலை விறைப்பாக முன்னால் சாய்த்து நிற்க உதவும் செருப்பு அது. அதன் குதிகாலில் ஒரு பிளவு, வாய் அகலம், உள்ளே போகப் போகக் குறுகும். மேடையிலிருந்து தலை பெருத்த ஒரு முளை எழும். காலை முன்னால் தள்ளினால் முளையின் தலை குறுகிய முனையில் சிக்கும், குதிகால் தரையை விட்டு எழாது. விடுவிக்கக் காலைப் பின்னால் இழுக்க வேண்டும்.

பாதி சிக்கினால் முகம் தரையில். முளை உள்ளே இறங்காவிட்டால் அடுத்து வருபவர் தடுக்கி விழுவார்.

'செருப்பே எல்லாம் செய்கிறது' என்பவர்களுக்கு ஒரு கணக்கு. எடை 70 கிலோ, கணுக்காலிலிருந்து ஈர்ப்புமையம் சுமார் 1 மீட்டர், சாய்வு 45 பாகை. திருப்புவிசை ஏறக்குறைய 480 நியூட்டன்-மீட்டர், ஒரு காலுக்கு 240. குதிகால் தசைநாணின் நெம்புகோல் 5 செமீ என்றால் அதன் மேல் 4800 நியூட்டன் இழுப்பு, அதாவது உடல் எடையைப் போல ஏழு மடங்கு. செருப்பு விழாமல்தான் பிடிக்கும், மடங்காமல் நிற்பது காலின் வேலை.

---

குறுக்குக்கம்பி:

அருமை. மற்ற பெயர்களைச் சரிபார்க்க என்ன வழி?

---

அலைவாங்கி:

மேடைப்பெயரை மறந்து இயற்பெயரில் தேடுங்கள். நடிகை நடாலி போர்ட்மனின் 2002 நரம்பியல் கட்டுரை நடாலி ஹெர்ஷ்லாக் என்ற பெயரில் இருக்கிறது. ஆஃப்ஸ்பிரிங் ராக் குழுவின் பாடகர் டெக்ஸ்டர் ஹாலண்டின் 2017 முனைவர் ஆய்வேடு பிரையன் ஹாலண்ட் பெயரில், எச்ஐவி பற்றியது. நடிகை டேனிகா மெக்கெல்லர் விதிவிலக்கு, அதே பெயர்தான். 1998-இல் இருவரோடு சேர்ந்து நிரூபித்த தேற்றம், காந்தப் பொருள்களுக்கான ஆஷ்கின்-டெல்லர் மாதிரி பற்றியது.

---

நெம்புகோல்:

நிறுவனத்தின் பொருளையும் முதலாளியின் கண்டுபிடிப்பையும் குழப்பாதீர்கள். நகைச்சுவை நடிகர்களான மார்க்ஸ் சகோதரர்களில் செப்போ மார்க்ஸ் நடத்திய நிறுவனம் விற்றதுதான் மார்மன் கிளாம்ப். செயற்கைக்கோளை ராக்கெட்டோடு பிடித்துவைக்க இன்றும் அந்த வகைப் பட்டைதான். இரண்டு விளிம்புகளின் மேல் ஆங்கில 'வி' வடிவக் காடி உட்கார்ந்து, போல்ட்டை இறுக்கினால் சுற்றிலும் கவ்வும். போல்ட்டை வெட்டினால் மொத்தமும் விடும். உராய்வால் போல்ட் பக்கம் இறுகி எதிர்ப்பக்கம் தளர்ந்திருக்கும் என்பதால், கொஞ்சம் இறுக்கி, சுற்றிலும் மென்சுத்தியலால் தட்டி, மறுபடி இறுக்க வேண்டும்.