எதிர்சேவைக்கு ஆர்பி67: மோனோபாட் தாங்குமா?

செல்லூர்_பையன்:
என்னிடம் இருப்பது மாமியா ஆர்பி67 புரோ எஸ் என்கிற பெரிய ஃபிலிம் கேமரா, 127 எம்எம் லென்ஸ். பின்னால் மாட்டும் ஃபிலிம் பேக்கோடு (ஃபிலிம் ரோல் இருக்கும் பெட்டி) இரண்டரைக் கிலோவுக்கு மேல் வரும். இந்தச் சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை தல்லாகுளத்தில் அழகரை வரவேற்கும் எதிர்சேவையும், விடிகாலையில் அழகர் ஆற்றில் இறங்குவதும் எடுக்கணும். அந்தக் கூட்டத்தில் டிரைபாடை விரிக்க முடியாது. எச்பி5 ஃபிலிமை 1600க்குப் புஷ் செய்தாலும் (வேகத்தைக் கூட்டி எடுத்து, அதிக நேரம் டெவலப் செய்வது) ராத்திரியில் ஷட்டர் 1/30 நொடிதான் கிடைக்கும் போல. ஒற்றைக்கால் மோனோபாட் சரிப்படுமா? மேலே எந்தப் பக்கமும் சாய்க்கிற பால் ஹெட் வேணுமா?

தெப்பக்குளத்தான்:
அது ஸ்டுடியோ கேமரா தம்பி. பேசாமல் ஒரு 35 எம்எம்மைத் தூக்கிட்டுப் போங்க.

ரோல்_120:
ஸ்டுடியோவை விட்டு வெளியே வரக்கூடாது என்று அதற்கு என்ன விதியா? தாராளமாக எடுத்துட்டுப் போங்க தம்பி, மோனோபாட் போதும்.

பால் ஹெட் வேண்டாம். இந்த எடைக்கு அது கொஞ்சம் தளர்ந்தாலும் கேமரா தலைகுப்புறச் சாயும். செங்குத்துப் படத்துக்குக் கேமராவைச் சாய்க்க வேண்டிய வேலையே ஆர்பியில் இல்லை, பின்னால் இருக்கும் பேக்கைத் திருப்பினால் முடிந்தது. நேராகத் தண்டின் மேலேயே முறுக்கிவிடுங்கள்.

இடுப்பளவு ஃபைண்டரில் குனிந்து பார்ப்பதால் மோனோபாட் நெஞ்சு உயரம் வந்தாலே போதும். அடியில் இருக்கும் மெல்லிய குழாயை இழுக்கவே இழுக்காதீர்கள். வழுக்குவதும் ஆடுவதும் அதுதான்.

கேமரா நடுங்குகிற ஷேக்கைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். என் அனுபவத்தில் படத்தைக் கெடுப்பது முன்னும் பின்னும் ஆடுகிற ஆட்டம். ஒற்றைக்கால் மேலும் கீழும் அசைவதைப் பிடிக்கும், முன்பின் சாய்வதைப் பிடிக்காது. இரண்டு மீட்டரில் சர்க்கரைச் செம்பு ஏந்தி நிற்கும் ஒரு அம்மாவை லென்ஸை முழுசாகத் திறந்து எஃப்3.8ல் எடுத்தால் ஃபோகஸில் இருக்கும் ஆழம் மொத்தமே பத்து சென்டிமீட்டர்தான். பின்னால் இருந்து ஒருத்தர் லேசாக இடித்தால் கற்பூரச் சுடர் தெளிவாக இருக்கும், முகம் போய்விடும். அதனால் கால்களை அகட்டி, மோனோபாடின் அடியை ஒரு அடி முன்னால் ஊன்றி, உடம்பின் பாரத்தை அதன்மேல் சாயுங்கள். கழுத்துவார் இறுக்கமாக இருக்கட்டும். ஃபோகஸ் பிடித்த கையோடு அழுத்திவிடணும், ‘இன்னும் கொஞ்சம் நல்லா வரட்டும்’ என்று காத்திருந்தால் போச்சு.

1/30 நிம்மதியாக வரும். 1/15ல் கேமரா நின்றாலும் ஆள் நிற்கமாட்டார். அதிர்வு வராமல் கண்ணாடியை முன்கூட்டியே தூக்கி நிறுத்தும் மிரர் லாக் பக்கம் போகாதீர்கள். மிரர் மேலே போனதும் ஃபைண்டர் இருட்டு, அதற்குள் எதிரே வேறு ஆள் வந்திருப்பார்.

செல்லூர்_பையன்:
ரொம்ப நன்றிண்ணே. ஆற்று மணலில் அடி புதையாதா? அப்புறம், தண்ணீர் பீய்ச்சுவார்களே?

ரோல்_120:
புதையும். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பலகைத் துண்டை அடியில் போட்டு மிதித்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்தான் பெரிய தலைவலி. தோல்பையோடு வருகிறவர்கள் மேலே பார்த்துப் பீய்ச்சுவார்கள், உங்கள் ஃபைண்டரோ வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கும். ஸ்கிரீனில் துளி விழுந்தால் ஃபோகஸ் தெரியாது. தெளிவான பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து, லென்ஸ் பக்கம் மட்டும் ஓட்டை போட்டு ரப்பர் பேண்ட் மாட்டுங்கள். காற்றாடுகிற மாதிரி அடிப்பக்கம் திறந்தே இருக்கட்டும், இல்லாவிட்டால் வேர்த்துப்போகும்.

ஃபைண்டரில் இடம் வலமாகத் தெரியும் என்பதால் ஊர்வலத்தைத் துரத்தாதீர்கள். ஒரு இடம் பிடித்து அவர்களை உங்களிடம் வரவிடுங்கள். ரோலுக்குப் பத்துப் படம்தான், அந்த நெரிசலில் ரோல் மாற்றுவது நடக்காது. இன்னொரு ஃபிலிம் பேக் கிடைத்தால் வீட்டிலேயே லோடு பண்ணிக் கொண்டுபோங்கள். போகும்போது மோனோபாடை மடக்கிப் பைக்குள் வையுங்கள், கம்போடு வருகிற ஆளைக் காவலுக்கு நிற்பவர்கள் கேள்வி கேட்கத்தான் செய்வார்கள்.

தெப்பக்குளத்தான்:
சரி, படம் வந்தால் இங்கே போடுங்க. அப்பவும் 35 எம்எம்தான் சுகம் என்பேன்.