மழைத்தண்ணீருக்கு வக்கீல் நோட்டீஸ்

ஹேவர்ட் மாமா: ரிஜிஸ்டர் தபாலில் பதினோரு பக்கக் கடிதம் வந்திருக்கிறது. ஏதோ தண்ணீர் பாதுகாப்பு அமைப்பின் வக்கீலாம். 60 நாள் கழித்து கேஸ் போடுவார்களாம். இட்லி மாவு அரைத்து விற்கிறவன் மேல் மழைத்தண்ணீருக்கு கேஸ்!

பெரியம்மா: மழை பெய்ததற்கு நீ என்னடா தம்பி செய்வாய்? 😳

சித்தப்பா: மச்சான், இது வசூல். அந்தக் கலிபோர்னியாவில் இதையே தொழிலாக வைத்திருக்கிறார்கள். கிழித்துப் போடுங்கள்.

சாக்ரமெண்டோ அண்ணா: மாமா, கிழிக்காதீர்கள்!! அமெரிக்காவின் 1972 சுத்தத் தண்ணீர் சட்டப்படி அரசாங்கம் சும்மா இருந்தாலும் பொதுமக்களே கேஸ் போடலாம், ஆனால் 60 நாள் முன்னால் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், ஈபிஏ என்கிற மத்திய சுற்றுச்சூழல் அமைப்புக்கும் மாநிலத்துக்கும் நகல் போயிருக்கும். கடிதத்தில் உங்கள் குற்றம் என்று என்ன எழுதியிருக்கிறது?

ஹேவர்ட் மாமா: பர்மிட் இல்லையாம். சாக்கடைக்குத் தனியாக மாதாமாதம் கட்டுகிறேனே, இது என்ன பர்மிட்?

சாக்ரமெண்டோ அண்ணா: அது உள்ளே கழுவுகிற தண்ணீருக்கு, சுத்திகரிப்புக்குப் போகும். இது முற்றத்தில் விழுகிற மழைக்கு. அங்கே கிடக்கிற எண்ணெய், மாவு, குப்பை எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு ஓடைக்கும் கடலுக்கும் நேராகப் போய்விடும், நடுவில் சுத்தம் செய்ய எதுவும் கிடையாது. உணவு தயாரிப்பும் மாநிலத்தின் தொழிற்சாலைப் பட்டியலில் உண்டு. பர்மிட் எடுத்தால் வருடத்துக்கு நாலு மழையில் சாம்பிள் பிடித்து அனுப்ப வேண்டும், எண்ணெய்ப் பிசுக்கு வருட சராசரியாக லிட்டருக்கு 15 மில்லிகிராமைத் தாண்டினால் சரிசெய்ய நடவடிக்கை எடுக்க வேண்டும். எல்லாமே கூரைக்குக் கீழே இருந்தால் ‘மழை படவில்லை’ என்று சான்று பதிந்து தப்பிக்கலாம். நீங்கள் ரெண்டும் செய்யவில்லை, அதுதான் பிடித்துவிட்டார்கள்.

அத்தை: சிட்டி லைசென்ஸ் புதுப்பிக்கும்போதே இந்த மழைநீர் பர்மிட் பற்றிய கேள்வி இருந்தது. நான் சொன்னேன், இவர்தான் ‘நமக்கில்லை’ என்று தள்ளிவிட்டார்.

ஹேவர்ட் மாமா: இப்போது இது தேவையா?

அத்தை: தேவைதான். பின்பக்கம் ரப்பர் மேட்டையெல்லாம் ஹோஸ் போட்டுக் கழுவுகிறார்கள், வெள்ளையாக ஓடி அந்த மழைநீர் வடிகாலின் கம்பி மூடிக்குள் போகிறது. மூடியிலேயே, ஓடைக்குப் போகும் என்று காட்ட மீன் படம் போட்டிருக்கிறது.

சாக்ரமெண்டோ அண்ணா: ஐயோ, அது மழைத்தண்ணீர் கணக்கில்கூட சேராது அத்தை, பர்மிட் இருந்தாலும் கூடாது. மாவுத் தண்ணீர் அழுகும்போது ஓடையில் ஆக்ஸிஜனைத் தின்றுவிடும்.

சித்தப்பா: 2025 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டில் ஈபிஏ தோற்றதே, சான் பிரான்சிஸ்கோ கேஸ்?

சாக்ரமெண்டோ அண்ணா: அது பர்மிட்டுக்குள் என்ன எழுதலாம் என்ற சண்டை சித்தப்பா. ‘கடல் நீர் கெடாமல் பார்த்துக்கொள்’ என்று பொதுவாக எழுதக்கூடாது, என்ன செய்ய வேண்டும் என்று சொல் என்றார்கள். பர்மிட்டே இல்லாத மாமாவுக்கு அதில் என்ன இருக்கிறது?

சித்தப்பா: சரி, அபராதம் அந்த அமைப்புக்குத்தானே?

சாக்ரமெண்டோ அண்ணா: இல்லை, அது மத்திய அரசு கஜானாவுக்கு. சட்டத்தில் ஒரு மீறலுக்கு ஒரு நாளைக்கு 60,000 டாலருக்கு மேல் வரை போடலாம், நிஜத்தில் சின்னக் கடைக்கு அவ்வளவு போட மாட்டார்கள். ஆனால் அவர்கள் ஜெயித்தால் அவர்கள் வக்கீல் ஃபீஸ் நம் தலையில். கூரை போடுகிற செலவைவிட அது பெரிதாகிவிடும், அந்த விஷயத்தில் ‘வசூல்’ என்று நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

பெரியம்மா: இப்போது என்னதான் செய்வது?

சாக்ரமெண்டோ அண்ணா: அந்த 60 நாளே சரிசெய்யத்தான். முடிந்துபோன, இனி நடக்காத தப்புக்கு இந்தப் பிரிவில் கேஸ் போட முடியாது என்று 1987லேயே தீர்ப்பு உண்டு. அதனால் நாளைக்கே இந்தச் சட்டம் தெரிந்த வக்கீலைப் பாருங்கள் மாமா, சொந்தமாகப் பதில் எழுதாதீர்கள். டம்ப்ஸ்டருக்கு, அதாவது வெளியே இருக்கிற பெரிய குப்பைத் தொட்டிக்கு மூடி, எண்ணெய் டின் எல்லாம் உள்ளே, எல்லாவற்றுக்கும் தேதியோடு போட்டோ.

ஹேவர்ட் மாமா: 📷 டம்ப்ஸ்டர் மூடியாச்சு.

அத்தை: பக்கத்தில் ஹோஸ் இன்னும் ஓடுகிறது பாருங்கள்.

ஹேவர்ட் மாமா: 🏃