புதுப்பிப்பு: ஏர் ரைஃபிள் வேகக் குளறுபடி, வாரண்டியில் சரியானது

பழைய சிக்கல்: 10 மீட்டர் போட்டிக்கான 4.5 மி.மீ ஏர் ரைஃபிள். குரூப்பிங் (இலக்கில் குண்டுகள் விழும் கூட்டம்) மேலும் கீழுமாக நீண்டது. கொஞ்ச நேரம் சும்மா வைத்துவிட்டுச் சுட்டால் முதல் பெல்லட் (சிறு ஈயக் குண்டு) மட்டும் மேலே போகும்.

கோளாறு ரெகுலேட்டரில், அதாவது காற்றுச் சிலிண்டரிலிருந்து வரும் அழுத்தத்தைக் குறைத்துச் சீராக வைக்கும் பாகத்தில். அதன் சீட்டிங் (வால்வு அமர்ந்து காற்றை அடைக்கும் இடம்) தேய்ந்து, உள்ளே அழுத்தம் மெல்ல ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. சர்வீஸில் வழக்கம்போல முதல் பதில் "பேரலைச் சுத்தம் செய்யுங்கள், பெல்லட்டை மாற்றுங்கள்" என்பதுதான். வாதாடிப் பயனில்லை, குரோனோகிராஃப் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) அளவுதான் பேசும். ஒரே லாட் (ஒரே தயாரிப்புத் தொகுதி) பெல்லட்டில் தொடர்ச்சியாக 10 சுட்டு வேகத்தைக் குறியுங்கள். அரை மணி விட்டு ஒன்று சுட்டு, வேகம் தாவுகிறதா என்று பாருங்கள். சிலிண்டரை மாற்றிப் போட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் அதே தாவல் இருந்தால் சிலிண்டர் மேல் பழியில்லை. இந்த அளவுகளை எழுதிய தாளை அனுப்பிய பிறகுதான் ரைஃபிளைக் கேட்டார்கள்.

அனுப்பும்போது சிலிண்டரைக் கழற்றிவிடுங்கள். காற்று நிரம்பியதைச் சாதாரண விமானச் சரக்கில் ஏற்க மாட்டார்கள். ரெகுலேட்டரை நீங்களே திறக்காதீர்கள், வாரண்டி போய்விடும்.

சீட்டிங்கும் ஓ-ரிங்குகளும் (காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையங்கள்) மாற்றி, அழுத்தம் மறுபடி செட் செய்து வந்தது. ஓ-ரிங் தேய்மானப் பொருளாம், அதற்கு மட்டும் காசு. சீட்டிங் தேயக் காரணம் பெரும்பாலும் ஈரக் காற்று. ஃபில்டர் இல்லாத கம்ப்ரஸரில் 200 பார் (அழுத்த அலகு) நிரப்புகிறவர்கள் கவனிக்கவும். ஓ-ரிங்குகளுக்குப் பெட்ரோலிய கிரீஸ் கூடவே கூடாது, சிலிகான் மட்டும்.

திரும்பி வந்ததும் மறுபடி குரோனோகிராஃபில் வேகம் பாருங்கள், பிறகு ஜீரோ (குண்டு நடுவில் விழும்படி சைட்டைச் சரிசெய்வது). சிலிண்டரில் தயாரிப்புத் தேதியையும் பாருங்கள்: தயாரிப்பாளர் குறித்த காலக்கெடு (பொதுவாக 10 ஆண்டு) தாண்டினால் போட்டியில் சிக்கல் வரலாம்.