அவெஞ்சர் 220-ஐக் கொடுத்துட்டு மீட்டியோர் 350 எடுக்கலாமா? கோத்தகிரி, மேட்டுப்பாளையம் ரோட்டுக்கு

மலைப்பாதை43:
வணக்கம். வண்டி 2019 அவெஞ்சர் குரூஸ் 220. ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டாம காக்கறது) உண்டு, கார்புரேட்டர் மாடல், 38,000 கிலோமீட்டர். தினமும் கோத்தகிரி – குன்னூர் போய்வரணும், வாரம் ஒருதடவை மேட்டுப்பாளையம் இறங்கி ஏறணும். பாதி நாள் பின்னால ஆள் உண்டு. ரெண்டு தொந்தரவு: வளைவு திரும்பி ஏத்தத்துல இழுக்கும்போது மூச்சு வாங்குது. இறங்கும்போது பாதி தூரத்துலயே பின் பிரேக் மிதி ஆழமாப் போகுது. எக்ஸ்சேஞ்சுக்கு 42,000 சொல்றாங்க. ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350 மனசுல இருக்கு, ஹிமாலயன் 450 எடுக்கச் சொல்றவங்களும் உண்டு. என் உயரம் 5 அடி 4 அங்குலம். மாத்தலாமா, இதையே சரிபண்ணி ஓட்டலாமா?

ஸ்பேனர்_குன்னூர்:
ரெண்டையும் தனித்தனியாப் பாருங்க. பிரேக் கோளாறு சர்வீஸ்ல பெரும்பாலும் தீர்ந்துடும். இழுவை ஓரளவுதான் தீரும்.

பின்னால இருக்கறது 130 மில்லிமீட்டர் டிரம். மிதிச்சபடியே இறங்கினா உள்ள உரசற லைனிங் சூடாகி பிடி குறையும், டிரம்மும் சூட்டுல விரியும், அதான் மிதி ஆழமாப் போறது. வண்டியை ஆறவிட்டு மறுபடி மிதிச்சுப் பாருங்க. பழைய இடத்துக்கே வந்தா அது சூடு மட்டும்தான். ஆறின பிறகும் ஆழமா இருந்தா ஷூ (லைனிங் ஒட்டின பட்டை) தேஞ்சிருக்கு. கழட்டினப்போ ஷூ கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்தா உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு மாட்டச் சொல்வாங்க, ஒத்துக்காதீங்க, புது ஷூ போடுங்க. ஷூவை விரிக்கற பிரேக் கேமையும் வெளிய எடுத்துத் துடைச்சு, கிரீஸ் ஒரு துளி மட்டும். கூடினா லைனிங்குக்குப் போயிடும்.

முன் டிஸ்க்கையும் விட்டுடாதீங்க. டாட் 4 பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். புதுசுல 230 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும், ஈரம் ஏறினா அது 155 வரைக்கும் இறங்கலாம். கொதிச்சு ஆவிக்குமிழி வந்துட்டா லிவர் கைப்பிடியைத் தொட்டாலும் வண்டி நிக்காது. 2 வருஷத்துக்கு ஒருதடவை மாத்தியே ஆகணும்.

இழுவைக்கு: பிளக்கைக் கழட்டுங்க. கருப்பா, காய்ஞ்ச கரி படிஞ்சிருந்தா பெட்ரோல் கூடுதலாப் போகுது. கீழ்நாட்டு அளவுக்கு வச்ச கார்புரேட்டர் மேல வந்தா அப்படித்தான் செய்யும். ஏர் ஃபில்டர், கார்புரேட்டர் டயஃப்ரம்ல (ரப்பர் சவ்வு) கிழிசல், ரெண்டையும் பார்க்கச் சொல்லுங்க. ஏத்தத்துல இஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறலைன்னா கிளட்ச் பிளேட் முடிஞ்சுது. 38,000-க்கு அது அதிசயமில்ல.

கொண்டைஊசி36:
மேல சொன்னது அத்தனையும் சரி. ஆனா எல்லாத்தையும் புதுசாப் போட்டாலும் அந்த இஞ்சினோட குணம் மாறாது. அவெஞ்சரோட 17.5 நியூட்டன் மீட்டர் இழுவை வர்றது இஞ்சின் நிமிஷத்துக்கு 7,000 சுற்று சுத்தும்போது. வளைவு முடிஞ்சு ரெண்டாவது கியர்ல நீங்க இருக்கறது 3,000 பக்கம். கோத்தகிரி ஏறக்குறைய 1,790 மீட்டர் உயரம். காத்தோட அடர்த்தியே 6-ல் 1 பங்கு குறைவு, இழுவையும் அந்த அளவுக்குப் போயிடும். மீட்டியோருக்கும் அதே வெட்டு உண்டு, ஆனா அதுல 27 நியூட்டன் மீட்டர், அதுவும் 4,000 சுற்றுலயே. ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் பெட்ரோலைத்தான் சரிபண்ணும், இல்லாத காத்தைக் கொண்டுவராது.

மீட்டியோர்ல பின்னாலயும் டிஸ்க், ரெண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ். உங்க வண்டியில ஏபிஎஸ் முன்சக்கரத்துக்கு மட்டும். யூகலிப்டஸ் இலை நனைஞ்சு கிடக்கிற வளைவுல பின்சக்கரம் பூட்டி வழுக்கறது இதனாலதான். இன்னொண்ணு, குரூஸ்ல கம்பிச் சக்கரம், டியூப் டயர். பஞ்சரானா சக்கரத்தையே கழட்டணும். மீட்டியோர் பெரும்பாலான மாடல்ல அலாய், டியூப்லெஸ். ரோட்டோரத்துலயே அடைச்சுட்டுக் கிளம்பலாம்.

ஆனா மீட்டியோரும் குரூஸர்தானே, அதை மறக்காதீங்க. கால் முன்னால நீட்டியிருக்கும். இறக்கத்துல தொடையால டேங்கைப் பிடிக்க முடியாது, உடம்பு பூரா மணிக்கட்டுல விழும், பின்னால இருக்கறவங்க உங்க முதுகுல சாய்வாங்க. எடை 191 கிலோ, இப்ப இருக்கறதை விடச் சுமார் 30 கிலோ கூடுதல். இறக்கத்துல நிறுத்தின வண்டியைப் பின்னால தள்ளி எடுக்கும்போது அந்த 30 கிலோ தெரியும்.

அதனால ஹோண்டா ஹைனஸ் சிபி350-ஐயும் ஒருதடவை ஓட்டிப் பாருங்க. 181 கிலோ, 30 நியூட்டன் மீட்டர் 3,000 சுற்றுலயே, கால் உடம்புக்குக் கீழ இருக்கும், ஸ்லிப்பர் கிளட்ச் இருக்கறதால இறக்கத்துல கியர் குறைக்கும்போது பின்சக்கரம் துள்ளாது. சீட் 800 மில்லிமீட்டர், மீட்டியோர் 765. உங்க உயரத்துக்கு முன்பாதம் ஊணும், முழுப் பாதம் படறது கஷ்டம்.

ஹிமாலயன் 450 அருமையான வண்டி, ஆனா உங்களுக்குச் சொல்லமாட்டேன். சீட் 825-ல ஆரம்பம். சாய்ஞ்ச ரோட்டுல பள்ளப் பக்கம் கால் எட்டலைன்னா ஆள் பின்னால இருக்கும்போது வண்டி சாயும், 196 கிலோவை நிமித்த முடியாது. விலையும் பாருங்க: 2025 செப்டம்பர் 22-லேர்ந்து 350 சிசி வரைக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம், அதைத் தாண்டினா 40. மீட்டியோரும் ஹைனஸும் 18-ல வருது, ஹிமாலயன் 40-ல.

ஆர்சி_பேப்பர்:
வண்டி எதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க, நான் காகிதம் மட்டும் சொல்றேன். 42,000-க்கு ஒத்துக்கறதுக்கு முன்னாடி, எக்ஸ்சேஞ்ச் இல்லாம வாங்கினா என்ன தள்ளுபடின்னு தனியா எழுதி வாங்குங்க. எக்ஸ்சேஞ்ச் போனஸ்னு ஒரு கையால கொடுத்து, வண்டி மதிப்புல இன்னொரு கையால எடுக்கறது சகஜம். வெளிய விலை விசாரிச்சு ரெண்டையும் ஒப்பிடுங்க.

பழைய வண்டியைக் கொடுக்கும்போது பேர் மாத்தறதுக்குப் படிவம் 29 ரெண்டு பிரதி, படிவம் 30. கடன் இருந்து அடைச்சிருந்தா வங்கி என்ஓசியோட (ஆட்சேபணை இல்லைங்கற கடிதம்) படிவம் 35 போட்டு ஆர்சில இருக்கற ஹைப்போதிகேஷனை (வங்கிக் கடன் பதிவு) முதல்ல நீக்குங்க. வண்டியை ஒப்படைச்ச தேதி, நேரம், கிலோமீட்டர் எழுதி அவங்க கையெழுத்தோட ஒரு சீட்டு வாங்குங்க. பேர் மாறாம கிடக்கும்போது விபத்து நடந்தா, ஆர்சில பேர் இருக்கறவர்தான் உரிமையாளர்னு 2018-ல உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. பேர் மாறின ஆர்சி நகல் கைக்கு வர்ற வரைக்கும் விடாம கேளுங்க.

நிறைய பேர் கோட்டை விடுறது நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் பண்ணாம இருந்ததுக்கு இன்சூரன்ஸ்ல கிடைக்கற தள்ளுபடி. அது வண்டிக்கு இல்ல, உங்களுக்கு. வித்ததும் இன்சூரன்ஸ் கம்பெனிகிட்ட தக்கவைப்புக் கடிதம் வாங்கினா 3 வருஷத்துக்குள்ள புது வண்டியோட சொந்தச் சேதப் பிரீமியத்துல கழிக்கலாம். தொடர்ந்து 5 வருஷம் கிளைம் இல்லைன்னா 50 சதவீதம். பாலிசி முடிஞ்சு 90 நாளைத் தாண்டவிட்டா போச்சு.

மலைப்பாதை43:
எல்லாருக்கும் நன்றி. ஆறவிட்டு மிதிச்சுப் பார்த்தேன், மிதி பழைய இடத்துக்கு வந்துடுது. ஷூவும் பிரேக் ஆயிலும் இந்த வாரமே மாத்தறேன். மீட்டியோர், ஹைனஸ் ரெண்டையும் டெஸ்ட் ரைடு எடுக்கணும்னா எதைக் கவனிக்கணும்?

கொண்டைஊசி36:
ஷோரூம் முன்னால சமதளத்துல ஒரு சுத்து சுத்திட்டு வராதீங்க. பின்னால வழக்கமா வர்றவங்களை உட்கார வச்சு ஒரு ஏத்தம், ஒரு இறக்கம் கேளுங்க. ஏத்தத்துல ரெண்டாவது கியர்ல வேகத்தை நல்லாக் குறைச்சு, கிளட்ச் தொடாம ஆக்சிலேட்டர் மட்டும் கொடுங்க, உதறாம இழுக்கணும். இறக்கத்துல பிரேக் தொடாம ரெண்டாவதுல விட்டுப் பாருங்க, இஞ்சின் எவ்வளவு பிடிக்குதுன்னு தெரியும். இடது கொண்டை ஊசியில மெதுவாத் திரும்பி நடுவுல நிறுத்தி இடது காலை ஊணுங்க. உள்பக்கம் ரோடு சரிஞ்சிருக்கும், அங்க கால் பதியலைன்னா அந்த வண்டி உங்களுக்கு உயரம். கடைசியா வண்டியை அணைச்சு, இறக்கத்தைப் பார்த்து நிறுத்தி, இறங்கி நின்னு நீங்களே பின்னால தள்ளிப் பாருங்க.

ஸ்பேனர்_குன்னூர்:
கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிசு. மேட்டுப்பாளையம் ரோட்டுல மண் சரியற மாசமும் அதுதான். புது வண்டி எடுக்கறதா இருந்தா அதுக்கு முன்னாடியே எடுத்து, முதல் சர்வீஸையும் டயர் பழகறதையும் முடிச்சுக்கோங்க. புது டயர்ல பளபளப்பு போற வரைக்கும், முதல் 150 கிலோமீட்டராவது, ஈர வளைவுல சாய்க்காதீங்க.